முதுகு காட்டும் காட்சி

மணிக்கு இவ்வளவு என்று
எங்களைப் பெருக்கிப் பார்த்தார்கள்:
நடிகர்கள், விளக்குகள், மதியச் சாப்பாடு,
தல்காவானோ துறைமுகத்தில் வாடகைக்கு எடுத்த படகு,
அழுகைக் காட்சிக்கு மழை பெய்விக்கும் லாரி.
பிறகு இஸ்தான்புல்லில் இருந்து வந்த விலைப்பட்டியலைப்
பக்கத்தில் வைத்தார்கள்.
அதில் மழை விலைக்குள்ளேயே அடக்கம்.

கணக்குப் பிரிவு எர்னால்தோ நல்ல மனிதர்.
"பத்தில் ஒரு பங்குதான்" என்று சொல்லும்போது
குரலைத் தாழ்த்திக்கொண்டார்,
பிணவறை வாசலில் பேசுகிறவர் மாதிரி.

எழுபத்திரண்டாம் பகுதியோடு தொடர் நின்றது.
இஸ்மேனியா அலைத்தடுப்புச் சுவரில் நின்றுகொண்டிருந்தாள்.
தம்பியின் படகு மூன்று நாளாகத் திரும்பவில்லை.
திரும்புமா திரும்பாதா என்று எனக்குத் தெரியும்.
எழுதி முடித்து இழுப்பறையில் வைத்திருந்தேன்.
மேசையை ஏலம் எடுத்தவர்
காகிதங்களை ஒரு பையில் திணித்து
என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

படப்பிடிப்புத் தளத்தில் இப்போது
குளிர்சாதனப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன.
சமையலறை செட்டின் கதவைக்
கோழிக்கூண்டுக்கென்று நொல்பெர்த்தோ தூக்கிப்போனான்.
பதினோரு வருடம் எந்த அறைக்கும் திறக்காத கதவு.

எனக்கு இப்போது நிமிடக் கூலி.
துருக்கிய உதடுகளுக்கு ஸ்பானியச் சொற்களை
அளவெடுத்துத் தைக்கிறேன்.
அவர்கள் காதல் என்று சொன்னால்
உதடு ஒட்டாமலே முடிந்துவிடுகிறது, ஒரே மூச்சு.
எங்கள் காதலுக்கு நடுவில் உதடு மூடியாக வேண்டும்.
அதனால் அவள் காதல் என்கிற இடமெல்லாம்
"நீ வேண்டும்" என்று எழுதுகிறேன்.
பார்க்கிறவர்கள்
எவ்வளவு துணிச்சலான பெண் என்கிறார்கள்.

அவர்களின் 'இல்லை'க்குச் சில சமயம் சொல்லே கிடையாது.
புருவம் ஏறும், நாக்கு ஒரு சிறு 'ச்' கொட்டும்.
அதை அப்படியே விட்டுவிடுகிறேன்.
அதற்குக் கூலியும் கிடையாது.

முதலில் அந்த நாயகியை வெறுத்தேன்.
அவள் கோட்டை, அவள் கப்பல்துறையை,
அழுதாலும் கலையாத மையை.
அறுபதாவது மணி நேரமோ என்னவோ,
ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டும்போது கவனித்தேன்:
அவள் நடுங்குவது நடிப்பில்லை.
விடியலுக்கு முன், மெல்லிய உடையில்,
சூடேற்றும் அடுப்பில்லாத ஏதோ ஒரு கரையில்
நிற்க வைத்திருக்கிறார்கள்.
அங்கேயும் யாரோ
பெருக்கிப் பார்த்திருக்கிறார்கள்.

அந்த இயக்குநருக்கு ஒரு பழக்கம்.
மனம் உடையும்போதெல்லாம் அவளைக் கடல் பக்கம் திருப்பிவிடுவார்.
முதுகும் காற்றில் பறக்கும் முடியும் மட்டும் தெரியும்.
உதடு தெரியாது.
எங்கள் தொழிலில் அதுதான் இளைப்பாறல்,
எதை வைத்தாலும் பொருந்தும்.

நூற்றுப் பதினெட்டாம் பகுதி. நான்கு விநாடி முதுகு.
மூலத்தில் அவள் நாளைக்கு வக்கீலைப் பார்க்கப்போவதாகச் சொல்கிறாள்.
நான் எழுதினேன்:
"படகு வந்துவிட்டது.
நனைந்திருக்கிறான். ஆனால் இருக்கிறான்."

குரல் கொடுப்பவள் எதுவினா.
எங்கள் இஸ்மேனியாவாக எழுபத்திரண்டு பகுதி
அந்தச் சுவரில் நின்றவள்.
தாளைப் படித்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த
என்னை ஒருமுறை பார்த்தாள்.
தொண்டையைச் செருமிக்கொள்ளவில்லை.
ஒரே தடவையில் முடித்துவிட்டுத்
தண்ணீர் கேட்டாள்.

ஒளிபரப்பான மறுநாள்
ரொட்டிக் கடையில் ஒருத்தி குழம்பிப்போய்க் கேட்டாள்:
அந்தப் பணக்காரிக்குப் படகில் யார் இருக்கிறார்கள்?
எனக்குத் தெரியாது என்றேன்.
நிலையத்திலிருந்து ஒரு குறிப்பு வந்தது,
மூலத்தோடு பொருந்தவில்லை, நான்கு விநாடி பிடித்தம் என்று.

அன்றிரவு நொல்பெர்த்தோ கூப்பிட்டான்.
வெகுநேரம் பேசவில்லை.
"எழுபத்து மூன்றா?"
"ஆமாம்."
"நல்லது."
பின்னால் கோழிகளின் முணுமுணுப்பு,
பிறகு அந்தக் கதவு
சாத்துகிற சத்தம்.